டீசல் இன்ஜினுக்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: கணக்கிலிருந்து வெல்டிங் வரை

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் காலை வாசல் தெளித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, ராத்திரி பூரா உன் இன்ஜின் என் நெஞ்சுக்குள்ள ஓடுதே, உனக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருது?"

குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்டிலிருந்து (ஆழமில்லாத குழாய்க்கிணறு) விடிய விடிய இறைத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம்தான். ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்து, முறை வந்து, நம் வாய்க்காலில் ஏறுவதற்குள் நாற்று காய்ந்துவிடும். மும்முனை மின்சாரம் இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் ஆயில் இன்ஜின். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே இறைக்கவும் அதே இன்ஜின்தான்.

இன்ஜினோடு வந்த சைலன்சர் ஒரு சொம்பு அளவு இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒரு பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினேன். உள்ளே நாலு தடுப்புத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. கூடவே இன்ஜின் கரும்புகை தள்ள ஆரம்பித்தது, டீசலும் அதிகம் குடித்தது. மூன்றாவதாக, நானே கணக்குப் போட்டுக் கட்டியதுதான் இப்போது ஓடுகிறது.

கணக்குக்குத் தூண்டியவன் என் அக்கா மகன். பெங்களூரில் இருக்கிறான். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைச் சொந்தமாகக் கூட்டிக்கட்டும் நண்பர்களோடு சுற்றுகிறவன். "மாமா, எங்களுக்குச் சைலன்சர்ல அரைக் கிலோ கூடினாலே சண்டை வரும். உங்களுக்கு என்ன, கொல்லையில இடம் சும்மா கிடக்கு. இடத்தை அள்ளிக் கொடுங்க, எதையும் அடைக்காதீங்க" என்றான். மொத்த விஷயமும் அந்த வார்த்தையில் இருக்கிறது. அவர்கள் விமானத்தில் வைக்கும் ரோட்டாக்ஸ் 912 போன்ற நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 5800 சுற்று சுற்றினால், விநாடிக்கு 193 வெடிப்பு. அவ்வளவு வேகமான ஓசையை அடக்க ஒரு பூசணிக்காய் அளவு டப்பா போதும். நம் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு வெறும் 12.5 வெடிப்பு. ஓசை தாழத் தாழ, அதை அடக்கும் பாத்திரம் பெரிதாக வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 5 குதிரைத்திறன், 1500 சுற்று, 80 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் நீளம்) உள்ள டீசல் இன்ஜினுக்கு. உங்களுடையது வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வழி ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்

எல்லாச் சத்தமும் புகைக்குழாயிலிருந்து வருவதில்லை. காற்று உள்ளே போகும் ஏர் கிளீனர் பக்கம் ஒரு உறுமல் உண்டு. இன்ஜினின் உலோகச் சத்தம் தனி. கொட்டகைத் தகரம் அதிர்வது இன்னொன்று. எது எவ்வளவு என்று தெரியாமல் சைலன்சரில் காசு கொட்டக்கூடாது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழு நீளக் குழாயை, அதாவது 6 மீட்டர், புகைவாயில் தற்காலிகமாக மாட்டிக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோங்கள். இப்போது இன்ஜின் பக்கத்தில் நின்று கேட்பது மற்றச் சத்தங்கள். குழாய் முனைப் பக்கம் போய்க் கேட்பது புகைச் சத்தம். எனக்கு வித்தியாசம் கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது, குழாய் முனைதான் குற்றவாளி.

டெசிபல் கூட்டல் சாதாரணக் கூட்டல் இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு சத்தம் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். ஒன்று மற்றதைவிட 10 டெசிபல் குறைவு என்றால், அது சேர்வதால் கூடுவது அரை டெசிபல்கூட இல்லை. ஆகவே பெரியதை முதலில் அடக்க வேண்டும். அது மற்றவற்றின் அளவுக்கு இறங்கிய பிறகு சைலன்சரை இன்னும் எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரயோசனம் இல்லை.

புகைவாய் பிளாஞ்சில் (குழாயை இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் தகடு) பேக்கிங் போயிருந்தால் எந்தச் சைலன்சரும் உதவாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, குழாய் சூடேறும் முன் ஒரு ஊதுபத்தியைப் பிளாஞ்ச் ஓரமாகச் சுற்றிக் காட்டுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊதுபத்திப் புகை துள்ளும்.

போனில் டெசிபல் பார்க்கும் செயலிகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரே போன், ஒரே இடம், ஒரே உயரம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். ஆனால் அடி ஓசையில் ஏமாந்துபோவீர்கள். 'ஏ' அளவுகோல் என்பது காதின் குணத்துக்கு ஏற்பக் கீழ் ஓசையைத் தள்ளுபடி செய்யும் அளவு. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும். போன் மைக்கும் அந்தப் பகுதியில் மந்தம். பெரியம்மாவின் நெஞ்சில் இடிப்பது போனுக்குத் தெரியாது. அதற்கு நான் வைத்திருந்த கருவி வேறு: வீட்டுப் பரணில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள். இன்ஜின் ஓடும்போது அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தால் அடி ஓசை இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம்.

ராத்திரியில் ஏன் இவ்வளவு தூரம் கேட்கிறது? நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று சூடாக இருக்கும்போது, மேலே போன சத்தம் வளைந்து கீழேயே திரும்பும். தண்ணீர் நிற்கும் வயல் அதை விழுங்காமல் அப்படியே தட்டிவிடும். நமக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. பகலுக்கு 55.

உங்கள் இன்ஜினின் சுருதி

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். 1500-ஐ இரண்டால் வகுத்து, பிறகு அறுபதால் வகுத்தால் 12.5 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் கீழ் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் என்பதால் அதை யாரும் 'கேட்பதில்லை'. அதன் மடங்குகளான 25, 37.5, 50, 62.5 என்று நூற்றுக்கணக்கில் ஏறிப்போகும் கூட்டம்தான் 'டம் டம்' என்று காதில் விழுகிறது. கீழ் மடங்குகள் நெஞ்சில் இடிக்கும், ஜன்னலை அதிர வைக்கும். 100-லிருந்து 1000 வரை உள்ளவை காதைக் குடையும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் இரண்டு கட்டமாகக் கட்டுகிறோம்.

அடுத்துத் தெரியவேண்டியது சூடான புகையில் ஒலியின் வேகம். செல்சியஸ் சூட்டோடு 273 கூட்டி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, 20.05-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். வெளிக்காற்றில், 30 டிகிரியில், 349 மீட்டர். 350 டிகிரிப் புகையில் 500 மீட்டர். 200 டிகிரியில் 436. சூட்டை மறந்து 349-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா நீளமும் தப்பாகும். நான் முதலில் செய்த தப்பு அதுதான்.

குழாயின் நீளத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. குட்டையான திமிரி நாகஸ்வரம் உச்சத்தில் பேசும், நீளமான பாரி கீழே இறங்கிப் பேசும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்கள் இந்தச் சூத்திரத்தை எழுதாமலே வைத்திருக்கிறார்கள். அவர்கள் குழாயைப் பேச வைக்கிறார்கள், நாம் வாயை மூட வைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் கட்டம்: காதைக் குடைவதற்கு

ஒல்லிக் குழாயில் வரும் ஓசை திடீரென்று அகலமான அறைக்குள் நுழைந்தால், அதில் ஒரு பெரும்பங்கு வந்த வழியே திரும்பிவிடும். அறையிலிருந்து மறுபடி ஒல்லிக் குழாய்க்குள் போகும்போதும் அப்படியே. தடுப்புத் தகடே தேவையில்லை. விட்ட மாற்றமே தடுப்பு.

எவ்வளவு அடங்கும் என்பது அறைக்கும் குழாய்க்கும் உள்ள பரப்பு விகிதத்தைப் பொறுத்தது. அறையின் விட்டம் குழாயைப்போல் இரண்டு மடங்கு என்றால் அதிகபட்சம் ஆறரை டெசிபல்தான். மூன்று மடங்கு என்றால் 13. நாலு மடங்கு என்றால் 18. ஐந்து மடங்குக்குப் போனால் 22. நாலுக்கு மேல் லாபம் குறைகிறது, இரும்பு விலை ஏறுகிறது. என் முதல் இரண்டு சைலன்சர்களும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அவை ஏன் உதவவில்லை என்பது இந்த வரிசையைப் பார்த்ததும் புரிந்தது.

நான் எடுத்தது, ஒன்றரை இன்ச் கருப்புக் குழாய், உள்விட்டம் 42 மி.மீ. அறைக்கு ஆறு இன்ச் குழாய், உள்விட்டம் 158 மி.மீ. விட்ட விகிதம் மூன்றே முக்கால், கணக்குப்படி உச்சத்தில் 17 டெசிபல். நீளம் 60 செ.மீ. கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடையில் இந்த அளவுத் துண்டு எடைக்குக் கிடைக்கும். ஜி.ஐ. குழாய் வேண்டாம். வெல்டிங்கில் அதன் துத்தநாகப் பூச்சு புகையும், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

60 செ.மீ. ஏன்? அறையின் நீளம் ஓசை அலையில் கால்பங்காக இருக்கும்போது அடக்கம் உச்சம். ஒலி வேகமான 500-ஐ, அறை நீளத்தைப்போல் நாலு மடங்கான 2.4-ஆல் வகுத்தால் 208 ஹெர்ட்ஸ். அதன் இரு பக்கமும் நன்றாகவே அடங்கும். ஆனால் நீளம் அரை அலையாகும் இடத்தில், அதாவது 417 ஹெர்ட்ஸில், அறை இருப்பதையே ஓசை கண்டுகொள்ளாது, நேராகப் போய்விடும். 833-லும் அதே கதை. பட்டறையில் செய்யும் வெறும் டப்பா சைலன்சர்களில் 'ஙொய்' என்று ஒரு சுருதி மட்டும் பிய்த்துக்கொண்டு வருவது இப்படித்தான்.

அந்த இரண்டு ஓட்டையையும் அடைக்க ஓர் அழகான உபாயம் உண்டு. உள்ளே வரும் குழாயை அறையின் பாதி நீளம் வரை உள்ளே நீட்டுங்கள். வெளியே போகும் குழாயைக் கால் நீளம் உள்ளே நீட்டுங்கள். நீட்டிய குழாயைச் சுற்றி ஒரு பக்கம் மூடிய வளைய இடைவெளி உண்டாகிறது அல்லவா, அது தன் சுருதிக்குரிய ஓசையை விழுங்கிவிடும். பாதி நீளம் 417-ஐ விழுங்கும், கால் நீளம் 833-ஐ. குழாய் முனையில் ஓசை கொஞ்சம் வெளியே வழிந்தே திரும்பும் என்பதால் ஒரு செ.மீ. குறைத்து, 30-க்கு 29 என்றும் 15-க்கு 14 என்றும் வையுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம்.எல். முன்ஜால் சைலன்சர் ஒலியியலில் உலகம் அறிந்த பெயர். இந்த மாதிரி நீட்டுக்குழாய்க் கணக்கெல்லாம் அந்தத் துறையில் அரிச்சுவடி.

இரு முனை மூடிக்கும் 5 மி.மீ. தகடு போடுங்கள். மெல்லிய தட்டைத் தகடு தவில் தோல் மாதிரி. உள்ளே அடிக்கிற அடியெல்லாம் வெளியே முழங்கும்.

இரண்டாம் கட்டம்: நெஞ்சில் இடிப்பதற்கு

காலிக் குடத்தின் வாயில் பக்கவாட்டில் ஊதினால் 'ஹூம்' என்று ஒரு ஓசை வரும். குடத்துக் காற்று ஸ்பிரிங், கழுத்துக் காற்று அதில் தொங்கும் எடை. குடம் பெரிதானாலும் கழுத்து நீண்டாலும் ஓசை தாழும். புகை அறையும் அதன் வால்குழாயும் (புகை கடைசியாக வெளியேறும் குழாய்) இப்படி ஒரு குடம்தான். இதன் குணம்: குடத்தின் சொந்தச் சுருதிக்கு நன்றாக மேலே உள்ள ஓசையை அது வெளியே விடாது. சொந்தச் சுருதியிலேயே வரும் ஓசையை மாறாகப் பெருக்கிவிடும். சுருதியைப்போல் 1.4 மடங்குக்கு மேலேதான் அடக்கம் தொடங்கும்.

கணக்கு இது. வால்குழாயின் பரப்பை (சதுர மீட்டரில்), அறையின் கொள்ளளவும் (கன மீட்டரில்) குழாய் நீளமும் பெருக்கிய எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலி வேகத்தால் பெருக்கி, 6.28-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பாருங்கள். 25 லிட்டர் டப்பா, 2 மீட்டர் வால்குழாய், 42 மி.மீ. உள்விட்டம், உள்ளே 300 டிகிரி. வரும் விடை ஏறக்குறைய 12.7 ஹெர்ட்ஸ். இன்ஜினின் வெடிப்பு 12.5! சத்தத்தைக் குறைக்கப் போய் இடியைக் கூப்பிட்டு வீட்டில் வைத்த கதை. 'குழாயை நீட்டினேன், டம் டம் இன்னும் ஜாஸ்தியாச்சு' என்று சொல்கிறவர்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

அதே குழாயை 200 லிட்டர் டிரம்மில் மாட்டுங்கள். அதற்குள் புகை 200 டிகிரிக்கு இறங்கியிருக்கும் என்று வைத்தால், விடை 4.1 ஹெர்ட்ஸ். 12.5 அதைப்போல் மூன்று மடங்கு. இடியின் அடிவேரே உள்ளே தங்கிவிடும். விமானக்காரன் இதைக் கனவிலும் செய்ய முடியாது. நம்மிடம் கொல்லை இருக்கிறது.

650 சுற்றில் ஓடும் பழைய பெரிய சக்கர இன்ஜின் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் வெடிப்பு 5.4 ஹெர்ட்ஸ். இந்த டிரம்முக்கு 2 மீட்டர் குழாய் பத்தாது. 4 மீட்டர் வைத்தால் குடத்துச் சுருதி 2.9-க்கு இறங்கும், அது போதும்.

வால்குழாய்க்கும் ஒரு வம்பு உண்டு. அதற்குள் புகை இன்னும் ஆறி 150 டிகிரிக்கு வந்திருக்கும் என்று வைத்தால், இரு பக்கமும் திறந்த 2 மீட்டர் குழாய் 103 ஹெர்ட்ஸில் தானே பாடும், அதன் மடங்குகளான 206, 309, 412-லும் பாடும். நம் முதல் அறை 206-ல் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 103-ல் சுமார் 14 டெசிபல் அடக்கும். 412 அருகே அந்த அறைக்கு இருந்த ஓட்டையை நீட்டுக்குழாய் அடைத்துவிட்டது. நீளங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கக்கூடாது, ஒன்றின் பலவீனத்தில் மற்றது பலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரம்.

டிரம்மை வெட்டும்போது

இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல், தின்னர், டீசல், ஆயில் இருந்த டிரம்மில் கேஸ் கட்டிங்கோ கிரைண்டரோ வைத்தால் வெடிக்கும். 'காலியாத்தான் இருக்கு' என்பது சமாதானம் ஆகாது, காலி டிரம்தான் வெடிக்கும். உள்ளே தங்கியிருக்கும் ஆவி போதும். பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து இருந்த டிரம்மை வாங்கவே வேண்டாம். வேறு எது இருந்திருந்தாலும் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் பல முறை கழுவி, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும், மூடிகள் இரண்டையும் திறந்துவிட்டு. பழைய சமையல் கேஸ் சிலிண்டரைச் சைலன்சராக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அது உங்கள் சொத்தும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கட்டும் முறை

இன்ஜின் புகைவாயிலிருந்து முதல் அறைக்குப் போகும் வழியில் 30 செ.மீ. எவர்சில்வர் ஃபிளெக்ஸிபிள் துண்டு ஒன்று கட்டாயம். ஆடுகிற இன்ஜினோடு ஆடாத சைலன்சரை விறைப்பாகக் கட்டினால் பிளாஞ்ச் பக்கம் விரிசல் விடும். அறையின் எடையும் இன்ஜின் மேல் தொங்கக்கூடாது, செங்கல் தூண் கட்டி அதன் மேல் உட்கார வையுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். 300 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் இரும்பு மூன்றரை மி.மீ. நீளும், அதற்கு நகர இடம் விடுங்கள்.

முதல் அறையிலிருந்து டிரம் வரை ஒரு மீட்டர் குழாய். டிரம்மைப் படுக்க வைத்து ஒரு முனைத் தகட்டின் மேல்பாதி வழியாகக் குழாயை உள்ளே நுழையுங்கள். உள்ளே பாதி நீளம் போகட்டும். அதன் முனையை மூடி, பக்கவாட்டில் 5 மி.மீ. துளைகள் போடுங்கள். எத்தனை? 42 மி.மீ. குழாயின் பரப்பு 1385 சதுர மி.மீ., ஒரு துளையின் பரப்பு 19.6. எழுபத்தொரு துளை போட்டால் குழாய்க்குச் சமம். நான் அதைப்போல் இரண்டு மடங்கு, 142 துளை போட்டேன். துளையிடும் மெஷின் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. 3 மி.மீ. துளை இன்னும் நன்றாக அடக்கும் என்பார்கள். டீசல் கரியில் அது ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். இந்தத் துளைக் குழாய் தீப்பொறியையும் டிரம்முக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. அறுவடைச் சமயத்தில் பக்கத்தில் வைக்கோல் கிடக்கும் இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

வால்குழாய் எதிர்முனையிலிருந்து புறப்படட்டும். 6013 வெல்டிங் ராடு போதும், அங்கங்கே டேக் (பொட்டு வெல்டு) அடித்துச் சரிபார்த்த பிறகு முழு வெல்டு. டிரம் தகடு மெல்லிசு, கரண்டைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை விழும். வால்குழாய் புறப்படும் இடத்தில் ஒரு 3 மி.மீ. வளையத் தகட்டைப் பட்டையாக வைத்து வெல்டு பிடித்தால் வேலை சுலபம்.

இனி மூடுவது. டிரம்மின் தகடு கிட்டத்தட்ட ஒரு மி.மீ. தான், அப்படியே விட்டால் டிரம்மே பறை கொட்டும். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, இடைவெளியில் உலர்ந்த மணல் கொட்டுங்கள். ஆற்று மணல் விலை உங்களுக்கே தெரியும், எம்-சாண்ட் போதும். ரைஸ்மில்லில் சும்மா கிடைக்கும் உமிச்சாம்பலைக் கொட்டலாமே என்று தோன்றும். அது சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் சத்தத்துக்கு வேண்டியது கனம். மேல் அடுக்குக்கு மட்டும் சாம்பல் போட்டேன், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு.

டிரம்மைக் குழி தோண்டிப் புதைப்பதுதான் மேட்டு நிலத்தில் சுலபமான வழி. டெல்டாவில் அதைச் செய்யாதீர்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்துவிடும், டிரம் தண்ணீர்த் தொட்டியாகும், அல்லது மிதந்து மேலே வரும். ஊரில் இதுவரை வந்த வெள்ளத்துக்கு ஒரு அடி மேலே திட்டுக் கட்டி அதன் மேல் வையுங்கள். மணல் நனையாமல் மேலே ஓடு வேயுங்கள்.

புகையில் தண்ணீரும் இருக்கிறது. குளிர்ந்த டிரம்மில் அது வியர்த்துக் கீழே தேங்கும். டிரம்மை வால்குழாய்ப் பக்கம் இரண்டு விரல் சரிவாக வைத்து, அந்த அடிப்புள்ளியில் அரை இன்ச் வடிகுழாய் ஒன்று விடுங்கள், ஒரு வால்வோடு.

வால்குழாயின் வாயை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மழை இறங்காமல் முனையைச் சாய்த்து வெட்டினால் போதும். படபடக்கும் மூடி வைத்தால் அதுவே ஒரு தாளம் போடும். எந்தக் காரணத்துக்காகவும் புகையைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். சத்தம் இல்லாத புகையும் மூச்சை அடைக்கும்.

அடைக்கிறதா என்று பார்ப்பது

இன்ஜின் வெளியே தள்ளும் காற்று எவ்வளவு? சிலிண்டர் 553 சி.சி., நிமிடத்துக்கு 750 முறை இழுக்கிறது, ஆக 415 லிட்டர். 400 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கும் மேல் விரிந்து 42 மி.மீ. குழாயில் விநாடிக்குச் சராசரி 11 மீட்டர் வேகத்தில் போகும். இது மிதமான வேகம். ஆக, குழாய் அளவைக் குறைக்காத வரை இந்த அமைப்பு மூச்சை அடைக்காது.

இருந்தாலும் அளந்துவிடுங்கள். ஃபிளெக்ஸிபிளுக்கு அடுத்து ஒரு கால் இன்ச் சாக்கெட் வெல்டு பிடித்து, அதில் ஒரு முழம் செப்புக்குழாய், அதில் கொத்தனாரின் லெவல் டியூப். டியூபைப் பலகையில் 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். இன்ஜின் முழுப் பளுவில் இறைக்கும்போது இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசமே எதிரழுத்தம். 100 மி.மீ. என்றால் ஒரு கிலோபாஸ்கல். தண்ணீர் குதித்துக்கொண்டே இருந்தால் டியூபை ஒரு கிளிப்பால் லேசாக நசுக்குங்கள், அடங்கும். உங்கள் இன்ஜின் கையேட்டில் வரம்பு இருந்தால் அதுதான் சட்டம். இல்லாவிட்டால், 300 மி.மீ. தாண்டினால் எங்கேயோ அடைக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பட்டறைச் சைலன்சரில் தண்ணீர் டியூபை விட்டே வெளியே குதித்தது.

வாய்க்கால் வைத்தியம்

குழாய் முனையை வாய்க்கால் தண்ணீருக்குள் முக்கி வைப்பது ஊரில் பழைய வைத்தியம். சத்தம் அடங்கத்தான் செய்யும். ஒரு அடி ஆழம் முக்கினால் அப்போதே 300 மி.மீ. எதிரழுத்தம். அதுகூடப் பரவாயில்லை. இன்ஜினை நிறுத்தியதும் குழாயில் இருக்கும் சூடான புகை குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அது சிலிண்டர் வரை ஏறி, மறுநாள் யாராவது கைப்பிடி போட்டுச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். மீனும் மாடும் குடிக்கும் தண்ணீரில் ஆயில் மிதப்பது தனிக் கதை.

ஓட்டிய பிறகு

முதல் இரண்டு மூன்று நாள் டிரம்மின் பெயிண்ட் எரிந்து நாறும், பயப்பட வேண்டாம். வாரம் ஒரு முறை வடிகுழாயைத் திறந்து கறுப்புத் தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்து அப்புறப்படுத்துங்கள், வயலில் விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை, சம்பா அறுவடை முடிந்ததும், துளைக் குழாயைக் கழற்றிக் கம்பிப் பிரஷ் போடுங்கள். அதற்காகவே அந்தக் குழாயை வெல்டு பிடிக்காமல் பிளாஞ்ச் வைத்து நட்டு போல்ட்டில் மாட்டியிருக்கிறேன். டிரம் துருப்பிடித்து என்றாவது போகும். அதற்குள் சுற்றியுள்ள செங்கல் தொட்டிக்கு உள்பூச்சும் மேலே ஒரு காங்கிரீட் மூடியும் போட்டுவிட்டால் தொட்டியே அறையாகிவிடும் என்று ஒரு திட்டம் இருக்கிறது.

இப்போது எவர்சில்வர் டம்ளர்கள் சும்மா இருக்கின்றன. மிச்சம் கேட்பது ஏர் கிளீனர் உறுமலும் கொட்டகைத் தகரமும். தகரத்துக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டாயிற்று, உறுமலை அடுத்த கோடையில் பார்க்க வேண்டும்.

ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் திண்ணையில் படுத்துக்கொண்டே, பம்பு காற்றுப் பிடித்துத் தண்ணீர் விட்டுப்போனால் இன்ஜின் ஓசை மாறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியவில்லை. மணிக்கொரு தரம் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். கடைசியில் டெலிவரி குழாய் வாயில், தண்ணீர் வந்து விழுகிற இடத்தில், ஒரு பழைய அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் வருகிற வரை அது சலசலவென்று திண்ணை வரை கேட்கும், நின்றால் எழுந்து போவேன். பெரியம்மாவிடம் கேட்டேன், அந்தச் சத்தம் தொந்தரவு இல்லையாம்.